சென்னையின் சர்க்கரை வேதியியல்

சென்னையின் கரிம வேதியியலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் டி. ஆர். கோவிந்தாச்சாரியில் தொடங்கும். அது நியாயம்தான். மாநிலக் கல்லூரியில் இருந்தபடி நஞ்சறுப்பான் கொடியின் டைலோஃபோரினை ஆராய்ந்தவர். 1960இல் பட்நாகர் பரிசு பெற்றவர். பம்பாயில் சிபா ஆய்வு மையத்தை நடத்திவிட்டு ஊர் திரும்பி, மயிலாப்பூர் அமிர்தாஞ்சன் ஆய்வுக்கூடத்திலும், பின்னர் கிண்டி ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையில் வேம்பின் மீதும் வேலையைத் தொடர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். சுவாமிநாதனையும் துறைக்காரர்கள் மறப்பதில்லை. ஸ்டீராய்டு தொகுப்புக்கு மூலப்பொருளான வீலண்ட்–மீஷர் கீட்டோனைப் பற்றி மெல்வின் நியூமனுடன் அவர் 1958இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோளாகிறது.

இந்த இருவருக்குப் பிறகு வந்த ஒரு கிளைக்குத் தமிழில் இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை. அடையாறு பகுதியை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் கே. கே. பாலசுப்பிரமணியனின் ஆய்வுக் குழு செய்த சர்க்கரை வேதியியல்தான் அது.

சர்க்கரையை ஏன் எடுக்க வேண்டும்? குளுக்கோஸின் திறந்த சங்கிலியில் சீர்மையற்ற கார்பன்கள் நான்கு. அவற்றின் திசைகளை மாற்றிப் போட்டால் 16 வடிவங்கள் வரும். எமில் பிஷர் 1891இல் அவிழ்த்த புதிர் இது. ஆய்வுக்கூடத்தில் ஒரு கார்பனின் திசையைச் சரியாக நிறுத்தவே படாத பாடு பட வேண்டும். குளுக்கோஸிலோ இயற்கையே நான்கையும் நிறுத்தித் தருகிறது. விலையும் மலிவு. ஆனால் எல்லாப் பக்கமும் ஹைட்ராக்சில் தொகுதிகள், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே குணம். ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசையும். அதனால் அவற்றை மூடி, திறந்து, மறுபடி மூடியே பாதி நாள் போய்விடும்.

இதற்கு வழிவிடுவது கிளைக்கால் (glycal) என்னும் சேர்மம். குளுக்கோஸை அசிட்டேட்டாக்கி, ஹைட்ரஜன் புரோமைடில் புரோமின் ஏற்றி, துத்தநாகத் தூளால் அந்தப் புரோமினையும் பக்கத்து அசிட்டேட்டையும் சேர்த்து நீக்கினால் முதல், இரண்டாம் கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு விழும்; அதுதான் கிளைக்கால். பிஷர் 1913இல் கண்ட வழி. கையில் கிடைப்பது பல சமயம் படிகமாக உறையாமல் பாகாகவே நிற்கும். வினை முடிந்ததா என்று பார்க்க, மெல்லடுக்குத் தட்டில் புள்ளி வைத்து, கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்குவார்கள். சர்க்கரை இருக்கும் இடம் கருகிக் கறுத்துக் காட்டிக்கொடுக்கும்.

அந்த இரட்டைப் பிணைப்புக்கு வளைய ஆக்சிஜன் எலக்ட்ரான் ஊட்டுகிறது. அதனால் இரண்டாம் கார்பன் எலக்ட்ரான் தேடும் கூறுகளை ஏற்கும். என். ஜி. ரமேஷும் பாலசுப்பிரமணியனும் 1991இல் இதைப் பிடித்துக்கொண்டார்கள். டைமீத்தைல் பார்மமைடு, பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடு: பட்டப்படிப்பு மாணவருக்கும் தெரிந்த வில்ஸ்மெயர்–ஹாக் வினைதான். அதை பென்சைல் தொகுதிகளால் காக்கப்பட்ட கிளைக்கால்களின் மேல் செலுத்தியபோது, இரண்டாம் கார்பனில் ஒரு ஆல்டிஹைடு நேராக வந்து உட்கார்ந்தது. சர்க்கரையில் புதிதாக ஒரு கார்பன்–கார்பன் பிணைப்பு, அதுவும் ஒரே படியில். அந்த ஆல்டிஹைடைக் குறைக்கலாம், நீட்டலாம், வளையமாக மூடலாம். 2003இல் இருவரும் இவற்றைப் பற்றி ஒரு மீள்பார்வைக் கட்டுரையே எழுத வேண்டிய அளவுக்கு வேலை பெருகியிருந்தது. ரமேஷ் பின்னர் தில்லி ஐ.ஐ.டி.யில் தன் குழுவை அமைத்தார்.

இரண்டாவது சாதனை 2000இல். பெரியர் (Ferrier) மாற்றம் என்ற வினையில், கிளைக்காலின் மூன்றாம் கார்பனிலுள்ள அசிட்டேட் விலக, இரட்டைப் பிணைப்பு ஓரிடம் நகர்ந்து, ஆல்கஹால் முதல் கார்பனில் ஏறும். இதற்குப் பலரும் நம்பியிருந்த போரான் ட்ரைபுளோரைடு ஈரக்காற்று பட்டாலே புகையும். சென்னைக் காற்றின் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம். பி. ஸ்ரீனிவாச பாபுவும் பாலசுப்பிரமணியனும் அதற்குப் பதில் ஈரத்துக்கு அஞ்சாத இண்டியம் ட்ரைகுளோரைடைச் சிறிதளவு வினையூக்கியாகப் போட்டார்கள். வினை மிதமான சூழலிலேயே நடந்தது. பெரியர் மாற்றத்தைப் பேசும் கட்டுரைகளில் இந்த மேற்கோளைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

அதே ஐ.ஐ.டி.யில் டி. லோகநாதன் சர்க்கரையும் புரதமும் சேரும் இணைப்பிடத்தின் மாதிரிகளைத் தொகுத்துப் படிக அமைப்பை ஆராய்ந்தார். சென்னைக்கு வெளியே, பெங்களூரில் என். ஜெயராமன் ஏழணு வளையச் சர்க்கரைகளைக் கட்டுகிறார்.

அமெரிக்காவில் வேதியியலாளர் டேனிஷெஃப்ஸ்கி கிளைக்கால்களை அடுக்கிப் பெரிய சர்க்கரைச் சங்கிலிகளைக் கட்டினார். அத்தகைய முழுத்தொகுப்புகளுக்குத்தான் உலகில் புகழ் அதிகம். சென்னைக் குழுவின் கொடை வேறு வகை: எந்த ஊர் ஆய்வுக்கூடமும் எடுத்துச் செய்யக்கூடிய, நம்பகமான குறும் வினைகள். என் கணிப்பில் அது சிறிய கொடை அல்ல. முழுத்தொகுப்பை ஒருவர் ஒருமுறை செய்வார். நல்ல வினையை ஆயிரம் பேர் செய்வார்கள்.

நம் கல்லூரிகளில் வில்ஸ்மெயர்–ஹாக் வினையை நடத்தும் ஆசிரியர்கள், அது இதே நகரத்தில் சர்க்கரையின் மேல் செய்து காட்டப்பட்டதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆய்வுகளைச் செய்தவர்கள் தங்கள் ஆய்வுக்கூட நாட்களைத் தமிழில் எழுதித் தர வேண்டும்.