நியூசிலாந்துச் சாலைகளில் ஹையேஸ் கேம்பர்வேன்: இருவருக்கு எவ்வளவு போதும்?

நியூசிலாந்தின் தென் தீவைச் சொந்தமாக வண்டி ஓட்டிச் சுற்றுவோர் வாடகைக்கு எடுக்கும் சிறிய கேம்பர்வேன்களில் பல, டொயோட்டா ஹையேஸ் வேனின் மேல் கட்டப்பட்டவை. அவற்றுள் ஆறாம் தலைமுறை ஹையேஸின் நீள வடிவத்தில் அமைந்த, உள்ளேயே கழிவறை பொருத்தப்பட்ட, இருவர் உறங்கும் வகை இங்கே ஆராயப்படுகிறது. எஞ்சினிலும் ஓட்டத்திலும் இந்த வண்டியிடம் குறை காண அதிகம் இல்லை. ஆனால் அது ஓரிடத்தில் எத்தனை நாள் நிற்கலாம், எங்கே நிற்கலாம் என்பதைத் தண்ணீர்த் தொட்டி, கழிவுப் பெட்டி, இரண்டாம் பேட்டரி ஆகிய மூன்றும்தான் முடிவு செய்கின்றன. வாடகைக்கு எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியதும் இவற்றையே.

வண்டியும் எஞ்சினும்

ஆறாம் தலைமுறை ஹையேஸ் 2019-இல் அறிமுகமானது. முந்தைய தலைமுறையில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருந்தது. அதன் சூடும் இரைச்சலும் நேராக ஓட்டுநரைச் சேர்ந்தன. புதிய வண்டியில் எஞ்சின் முன்னே நகர்ந்து, சிறிய மூக்கு ஒன்று வந்துவிட்டது. இதனால் ஓட்டுநர் அறை அமைதியானது. மோதலைத் தாங்கும் திறனும் கூடியது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வாகனப் பாதுகாப்புச் சோதனை அமைப்பான ஆன்கேப் 2019-இல் இதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. அந்த மதிப்பீடு ஆலையிலிருந்து வெளிவந்த வேனுக்கு உரியது. பின்னால் கட்டப்படும் அலமாரிகளையும் படுக்கையையும் அது கணக்கில் எடுப்பதில்லை.

2.8 லிட்டர் டர்போ டீசல் எஞ்சின், ஆறு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியுடன் 130 கிலோவாட் ஆற்றலும் 450 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. படுக்கை, அடுப்பு, தண்ணீர், பைகள் எல்லாம் ஏறிய பிறகும் மலை ஏற்றத்தில் இந்த எஞ்சின் திணறுவதில்லை. டீசல் தொட்டி 70 லிட்டர் கொள்ளும். முழுச் சுமையுடன் 100 கி.மீ.க்குச் சுமார் 10 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை நிரப்பினால் 600 கி.மீ. கவலையின்றி ஓடலாம். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து குவீன்ஸ்டவுன் செல்லும் தூரத்தை விட இது அதிகம்.

நீளம் 5.9 மீட்டர், அகலம் 1.95 மீட்டர். ஏறத்தாழ 7 மீட்டர் நீளமுள்ள ஐரோப்பிய வேன்களோடு ஒப்பிட்டால் இது கையடக்கமானது. ஊர்களில் கார் நிறுத்தும் கட்டத்தில் சற்றே வால் நீட்டியபடி நின்றுவிடும். ஆலையில் வரும் கூரையின் கீழ் வளர்ந்தவர் நிமிர்ந்து நிற்க முடியாது. ஆகவே கேம்பர்வேனாக மாற்றும்போது கண்ணாடியிழையால் ஆன உயரமான கூரையைப் பொருத்துகிறார்கள். நிற்க இடம் கிடைக்கிறது. அடுக்கு வாகன நிறுத்தங்களுக்குள் நுழையும் வாய்ப்பு போய்விடுகிறது.

சாலையில்

நியூசிலாந்தில் இடப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம். இந்தியாவிலும் இலங்கையிலும் ஓட்டிப் பழகியவருக்கு இதில் தடுமாற்றம் இல்லை. உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் அதைக் காட்டியே ஓட்டலாம். இல்லாவிட்டால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்போ தேவை. வாடகை நிறுவனம் தனியாகச் சர்வதேச அனுமதியைக் கேட்கக்கூடும் என்பதால் ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஊருக்கு வெளியே பொதுவான வேக வரம்பு மணிக்கு 100 கி.மீ., ஊருக்குள் 50 கி.மீ. மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டும் வண்டிகளுக்கு 90 கி.மீ.தான். ஹையேஸ் அந்த எடைக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் வரம்பு 100 என்பதால் 100-இல் போய்விட முடியாது. நெடுஞ்சாலைகளில் பெரும்பாலானவை போக ஒரு தடம், வர ஒரு தடம் கொண்டவை. வளைவுகள் ஓயாமல் வரும். வரைபடச் செயலி காட்டும் நேரத்தோடு கால் பங்காவது கூட்டிக்கொண்டு நாளைத் திட்டமிட வேண்டும். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கு தடத்தில் ஒதுங்கி அவற்றைப் போகவிடுவது அங்குள்ள சாலை மரியாதை.

ஒரு தடப் பாலங்கள் தென் தீவின் மேற்குக் கரையில் அடிக்கடி வருகின்றன. நீலப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு தன் திசையைக் காட்டினால் ஓட்டுநருக்கு முன்னுரிமை. சிவப்பு வட்டத்துள் சிறிய சிவப்பு அம்பு தன் திசையைக் காட்டினால் எதிரே வருபவருக்கு வழிவிட்டு நிற்க வேண்டும்.

வண்டியின் பலமும் பலவீனமும் ஒருங்கே தெரியும் இடம் தே அனாவிலிருந்து மில்ஃபோர்டு சவுண்டுக்குப் போகும் 94-ஆம் எண் நெடுஞ்சாலை. ஏறத்தாழ 120 கி.மீ. நீளமுள்ள இந்தச் சாலையில் ஹோமர் சுரங்கம் சுமார் 945 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. 1954-இல் திறக்கப்பட்ட இதன் நீளம் 1.2 கி.மீ.; மில்ஃபோர்டு பக்கம் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் இறங்குகிறது. கியரைக் கையால் குறைத்து எஞ்சினின் பிடியிலேயே இறங்க முடிவதால் பிரேக் சூடேறுவதில்லை. கான்டர்பரி சமவெளியில் குறுக்கே அடிக்கும் வடமேற்குக் காற்றில்தான் உயரக் கூரை தன் வேலையைக் காட்டுகிறது: வண்டி பக்கவாட்டில் தள்ளப்படுவது ஸ்டியரிங்கில் தெளிவாகத் தெரியும். அப்போது வேகத்தை 80-க்குக் குறைப்பதே வழி.

உள்ளே

பகலில் எதிரெதிர் இருக்கைகளும் நடுவே மேசையும். இரவில் மேசையை இறக்கி, மெத்தைத் துண்டுகளை அடுக்கினால் அகலப் படுக்கை. ஒவ்வொரு நாளும் பிரித்து ஒவ்வொரு இரவும் விரிப்பது இத்தகைய வண்டியின் மாறாத வேலை. மழை நாளில் ஒருவர் படுத்திருக்க மற்றவர் சமைப்பது இயலாத காரியம்.

சமையலுக்கு இரண்டு பர்னர் எரிவாயு அடுப்பு, பாத்திரம் கழுவும் சிறிய தொட்டி, குளிர்பெட்டி உண்டு. குக்கர் வைத்துச் சோறு பொங்கலாம். ஆனால் எழும் ஆவி முழுவதும் கண்ணாடிகளில் படியும். இருவரின் மூச்சே குளிர்கால இரவில் ஜன்னல்களை நனைத்துவிடுகிறது. கூரைத் திறப்பைச் சிறிது திறந்து வைத்தால் ஈரம் குறையும். அடுப்பைக் குளிர் காயப் பயன்படுத்தக் கூடாது. அடைத்த வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். நச்சுவாயு எச்சரிப்பான் உள்ளதா என்பதை வண்டியை எடுக்கும்போதே பார்க்க வேண்டும். மேற்குக் கரையிலும் மில்ஃபோர்டிலும் சேண்ட்ஃபிளை என்னும் கடி ஈக்கள் மொய்ப்பதால் ஜன்னலில் கொசுவலைத் தட்டி இருப்பது ஆடம்பரமல்ல, தேவை.

ஊரிலிருந்து கொண்டுபோகும் பொடி, ஊறுகாய், பருப்பு எதுவானாலும் விமான நிலையப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

மின்சாரமும் சூடும்

வண்டியில் இரண்டு பேட்டரிகள் உண்டு. ஒன்று எஞ்சினைக் கிளப்ப. மற்றது விளக்கு, குளிர்பெட்டி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்கு. இரண்டாவது பேட்டரி வழக்கமான ஏ.ஜி.எம். வகையாக, 100 ஆம்பியர்-மணி கொள்ளளவில் இருந்தால் அதில் பாதியைத்தான் கெடுதலின்றிப் பயன்படுத்தலாம். குளிர்பெட்டி சராசரியாக 2 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 48 ஆம்பியர்-மணி. அதாவது வண்டி ஓடாமல் நின்றால் ஒரு நாளில் கணக்கு முடிந்துவிடும். லித்தியம் பேட்டரி இருந்தால் பெரும்பகுதியைச் செலவிடலாம். கூரையில் சூரியத் தகடும் இருந்தால் கோடையில் இரண்டு மூன்று நாள் ஒரே ஏரிக்கரையில் தங்கலாம். வாடகை நிறுவனத்தின் விளம்பரத்தில் தொலைக்காட்சியின் அங்குலம் இருக்கும். பேட்டரியின் வகை இருக்காது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

230 வோல்ட் மின்சாரம், முகாமில் கம்பி இணைத்தால் மட்டுமே வரும். அப்போதுதான் சுவர்ப் பிளக்குகள் வேலை செய்யும். நியூசிலாந்துப் பிளக்கின் கால்கள் சாய்ந்த தட்டை வடிவம் என்பதால் இந்திய சார்ஜருக்கு இணைப்பான் வேண்டும்.

குளிருக்கு டீசல் ஹீட்டர் சிறந்தது. வண்டியின் தொட்டியிலிருந்தே எரிபொருள் எடுத்துக்கொள்கிறது. மணிக்குக் கால் லிட்டருக்கும் குறைவாகவே எரிக்கிறது. புகையை வெளியே தள்ளிச் சூட்டை மட்டும் உள்ளே விடுகிறது. மின்சார ஹீட்டர் மட்டும் உள்ள வண்டியில் கம்பி இணைப்பு இல்லாத இரவு முழுவதும் குளிர்தான். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை செல்வோர் டீசல் ஹீட்டர் இல்லாத வண்டியை எடுக்கக் கூடாது.

தண்ணீர், கழிவு, பச்சைச் சான்று

கட்டணமில்லாத பொது இடங்களில் வண்டியில் தங்குவதை 2011-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. 2023 ஜூனில் வந்த திருத்தம் அதை இறுக்கியது. உள்ளாட்சி நிலத்தில் இரவு தங்க, வண்டி தற்சார்புச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பது இப்போது பொது விதி. கழிவறை வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். எடுத்து வைக்கும் கையடக்கக் கழிவறைக்கு இனிச் சான்று கிடையாது. படுக்கை விரித்திருக்கும் நிலையிலும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். பழைய நீலச் சான்றின் இடத்தைப் பச்சைச் சான்று பிடித்துள்ளது. எத்தனை பேருக்கு வண்டி போதும் என்பதும் அதில் குறிக்கப்படும்.

சான்றுக்கான கணக்கு எளிது: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் நல்ல தண்ணீர், மூன்று நாளைக்கு. இருவருக்கு 24 லிட்டர் நல்ல தண்ணீரும் அதே அளவு கழுவுநீரைத் தாங்கும் தொட்டியும் குறைந்தபட்சத் தேவை. சமைத்து, பாத்திரம் கழுவும் இருவருக்கு அந்த அளவு தாராளமல்ல. குளியலை முகாம்களுக்கு ஒத்திவைத்தால்தான் மூன்று நாள் வரும்.

கழிவறைப் பெட்டியை வெளிப்பக்கக் கதவு வழியாக உருவி, ஊர்களில் உள்ள கழிவு கொட்டும் நிலையத்தில் காலி செய்ய வேண்டும். பல ஊர்களில் இது இலவசம். கேம்பர்மேட் போன்ற செயலிகள் அந்த நிலையங்களையும் தங்குமிடங்களையும் வரைபடத்தில் காட்டுகின்றன. மலைப் பகுதிகளில் கைப்பேசி இணைப்பு அறுந்துவிடுவதால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றும் வாயையும் டீசல் வாயையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதும் முக்கியம். மாற்றி ஊற்றினால் செலவு காப்பீட்டில் அடங்காது.

சான்று இருந்தாலும் எல்லா இடத்திலும் தங்கிவிட முடியாது. பலகை வைத்துத் தடுத்த இடங்களில் அபராதம் 400 டாலரிலிருந்து தொடங்குகிறது. இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்கள் நடுவழி: குறைந்த கட்டணம், கழிவறை, சில இடங்களில் தண்ணீர், மின்சாரம் இல்லை. ஆவோராக்கி மலையடியில் உள்ள ஒயிட் ஹார்ஸ் ஹில்லும், மில்ஃபோர்டு சாலையில் உள்ள காஸ்கேட் கிரீக்கும் இந்த வகை. தனியார் ஹாலிடே பார்க்குகளில் மின் இணைப்பு, சமையலறை, வெந்நீர்க் குளியல், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் கிடைக்கும். இரண்டு மூன்று இரவு துறையின் முகாம், பிறகு ஓர் இரவு ஹாலிடே பார்க் என்ற சுற்று இந்த வண்டிக்குச் சரியாகப் பொருந்துகிறது.

செலவும் ஒப்பந்தமும்

நாள் வாடகை கோடையில் ஏறி, குளிர்காலத்தில் பெரிதும் இறங்குகிறது. பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் வரை வானிலையும் கட்டணமும் ஓரளவு இணங்கி வரும் காலம். வாடகைக்கு வெளியே வரும் செலவுகளில் புதியவர் அறியாதது டீசல் வண்டிக்கான சாலைப் பயன்பாட்டுக் கட்டணம். நியூசிலாந்தில் பெட்ரோல் விலையில் சாலை வரி அடங்கியிருக்கிறது, டீசலில் இல்லை. எனவே இலகு டீசல் வண்டிகள் 1,000 கி.மீ.க்கு 76 டாலர் தனியாகச் செலுத்துகின்றன. 2,500 கி.மீ. ஓடினால் 190 டாலர். வண்டியைத் திருப்பித் தரும்போது நிறுவனம் இதை வசூலிக்கும். பம்பில் டீசல் மலிவாகத் தெரிவதன் காரணம் இதுவே.

காப்பீட்டில் முதல் பார்வைக்குத் தெரியாத விலக்குகள் உண்டு. குவீன்ஸ்டவுன் அருகே உள்ள ஸ்கிப்பர்ஸ் சாலை, வடக்கே நைன்ட்டி மைல் கடற்கரை ஆகிய இரண்டிலும் வாடகை வண்டி ஓட்ட அனுமதி கிடைப்பதில்லை. கூரையில் ஏற்படும் சேதமும் அடிப்பாகச் சேதமும் பல ஒப்பந்தங்களில் தனி. வெலிங்டனுக்கும் பிக்டனுக்கும் இடையே மூன்றரை மணி நேரம் ஓடும் கப்பலில் கட்டணம் வண்டியின் நீளத்தைப் பொறுத்தது. ஏற்றும் முன் எரிவாயு உருளையை மூட வேண்டும்.

யாருக்கு ஏற்றது

இருவர், பத்து நாளுக்கு மேல், தென் தீவைச் சுற்ற விரும்பினால் ஹையேஸ் கேம்பர்வேன் நல்ல தேர்வு. பச்சைச் சான்று, லித்தியம் பேட்டரி அல்லது சூரியத் தகடு, டீசல் ஹீட்டர் ஆகிய மூன்றும் இருந்தால் கூடுதல் வாடகை கொடுத்தும் எடுக்கலாம். மூன்றில் பச்சைச் சான்று இல்லாவிட்டால் ஒவ்வொரு இரவும் கட்டண முகாமைத் தேட வேண்டிவரும். வேனின் நன்மை பாதி போய்விடும்.

குழந்தைகளோடு செல்வோருக்கு இது பயன்படாது. முன்னால் இரண்டு இருக்கை மட்டுமே உள்ள வண்டியில் குழந்தை இருக்கை பொருத்த இடமில்லை. ஏழு வயதுக்குட்பட்டோருக்கு அது சட்டக் கட்டாயம். ஒரு வாரத்துக்கும் குறைவான பயணம், மழையும் குளிரும் கூடிய பருவம், நகரங்களை மையமாகக் கொண்ட திட்டம் ஆகியவற்றுக்கும் சாதாரணக் காரும் ஹாலிடே பார்க்கின் மரக்குடிலும் சேர்ந்த ஏற்பாடே வசதியாகவும் பல சமயம் மலிவாகவும் அமையும்.