கேரியரும் டியூப் வாரும்

அரக்கோணத்தில் திருத்தணி சாலைப் பக்கம் பால் கொண்டுவரும் 28 அங்குலச் சக்கரச் சைக்கிளின் பின்பக்கத்தைப் பாருங்கள். கேரியரின் இருபுறமும் இரும்புக் கொக்கி, பக்கத்துக்கு ஒன்றாகப் பால் கேன். பாரம் அச்சுக்கு அருகே தாழ்ந்து தொங்குவதால் வண்டி தள்ளாடாது. நெடும்பயணக்காரர்கள் காசு கொட்டி வாங்கும் பக்கவாட்டுப் பைகளின் சூட்சுமமும் இதுதான்.

அதைவிட எனக்குப் பிடித்தது, பஞ்சர் ஒட்டி ஒட்டி ஓய்ந்துபோன டியூப். நீளவாக்கில் இரண்டு விரல் அகலத்துக்கு அறுத்தால் வார் தயார். கயிறு மேடுபள்ளத்தில் குலுங்கித் தளர்ந்துவிடும். ரப்பரோ மூட்டை அமுங்க அமுங்கத் தானும் சுருங்கி இறுக்கும். முடிச்சுகூட வேண்டாம். இழுத்துச் சுற்றி, நுனியைக் கடைசிச் சுற்றுக்கு அடியில் செருகினால் அசையாது. படுக்கை, துணி, பம்ப் எல்லாம் இதற்கு அடங்கும். வெயிலில் வெடிப்பு விட்டால் மட்டும் மாற்ற வேண்டும். பஞ்சர் கடையில் கேட்டால் இன்னொன்று கிடைக்கும்.