அலசுதல் என்னும் சொல்

நாவலை அலசினோம், கவிதையை அலசினோம், அடுத்த இலக்கியக் கூட்டத்தில் நாடகமொன்றை அலசவிருக்கின்றோம். நமது விமர்சன உலகில் இத்துணை மலிந்த சொல் வேறில்லை. தூய்மை செய்வதற்கும் துருவித் தேடுவதற்கும் அது ஒருங்கே பயன்படுகின்றது. அதன் அயற்சொல்லாகிய அலம்புதலுக்கோ இவ்வுயர்வு கிட்டவில்லை. பாத்திரத்தையும் காலையும் அலம்புவோமேயன்றி, காப்பியத்தை அலம்பினேன் என்று எந்த விமர்சகரும் எழுதத் துணியார்!

ஆயின், அலசுதல் என்பதுதான் யாது? சலவைத் தொழிலாளி அறிவார். அழுக்கை இளக்குவன காரமும் வெள்ளாவியும். அதனைப் பிரிப்பது கல்லில் விழும் அடி. அலசுதல் இவற்றின் பின்னர் வருவது. துணியை விரித்து, நல்ல நீரில் அலைத்து, நீர் தெளியும்வரை மீண்டும் மீண்டும் முக்கியெடுக்கின்றனர். இளகிய அழுக்கோடு, அதனை இளக்கிய காரமும் அப்பொழுதுதான் வெளியேறுகின்றது. காரம் தங்கிய துணி வெளுப்பாகவே தோன்றும். நாளடைவில் இழை இற்றுப்போகும்.

நமது அலசல்களிற் பல இந்தக் கடைசி நீரைக் காணாதவை. வர்க்க நோக்கு என்னும் காரம் வேண்டியதே. அஃதின்றிப் பழைய பிசுக்கு அகலாது. வெறும் தண்ணீர் தெளித்து 'கலையழகு' என மகிழ்வாரோடு நமக்கு உடன்பாடில்லை. ஆனால், டானியலின் 'பஞ்சமர்' (1972) போன்ற நாவலைப் பற்றி நாம் எழுதி முடித்தபின் எஞ்சுவது நாவலா, நாம் இட்ட காரமா?

குறுந்தொகையின் 330ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். பிரிந்து சென்றவர் நாட்டில் இம்மாலைப் பொழுது இல்லையோ எனத் தலைவி வினவுகின்றாள். அங்கே மலரும் பகன்றைப் பூவுக்கு உவமை, ஆடை வெளுக்கும் புலைத்தி பசை தோய்த்து அடித்துக் குளத்தில் இட்ட, முறுக்கவிழாத ஆடை. பண்டிதர் பூவை வியந்து மேலே செல்வர். நாமோ 'புலைத்தி' என்ற சொல்லைக் கண்டதும் சாதிக் கொடுமை என்று எழுதிவிட்டுப் பூவை மறந்துவிடுகின்றோம். அப்பெயருக்கு முன்னே அவள் நலத்தைச் சொல்லும் அடையொன்றைப் புலவர் வைத்திருக்கின்றார். பசையிட்ட ஆடை நீரில் எவ்வாறு கிடக்கும் என்பதையும் அருகிருந்து கண்டிருக்கின்றார். வகுப்பறையில் அந்த அடைமொழியிடத்து ஒரு நாழிகை நின்றவர் நம்முள் எத்தனை பேர்?