மறைப்பட்டையும் மறைக்கப்பட்ட காட்சியும்

அனிமேஷனில் ஒலி என்பது படத்தை முடிச்ச பிறகு மேலே பூசுகிற சாயம் என்றொரு எண்ணம் நம்மிடையே உண்டு. உள்ளடக்கம் சரியா இருந்தா போதும், மத்ததெல்லாம் தொழில்நுட்ப சமாச்சாரம் என்கிற தோழர்களும் இதைத்தான் வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள். இதை மறுக்க நார்மன் மக்லாரனின் ‘நெய்பர்ஸ்’ (1952) என்ற எட்டு நிமிடக் கனடியப் படமே போதும்.

பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர் இருவர். எல்லையில் ஒரு பூ முளைக்கிறது. யாருக்குச் சொந்தம்? வேலி போடுகிறார்கள். அந்த வேலிக்கட்டையாலேயே அடித்துக்கொண்டு ரெண்டு பேரும் சாகிறார்கள். நடிப்பவர்கள் உயிருள்ள மனிதர்கள். ஆனால் பொம்மைகளைப் போலச் சட்டகம் சட்டகமாக நகர்த்திப் படமாக்கப்பட்டவர்கள். 1949இல் யுனெஸ்கோ வேலையாகப் போய்ச் சீனப் புரட்சியை அருகிருந்து பார்த்தவர் மக்லாரன். திரும்பி வந்ததும் கொரியப் போர். அந்த மனநிலையில் எடுத்த படம் இது.

இதன் இசையில் வாத்தியம் கிடையாது. கருப்பு வெள்ளைக் கோடுகள் வரைந்த அட்டைகளை, படம் எடுத்த அதே மாதிரிக் கேமராவால் ஃபிலிமின் விளிம்பிலுள்ள ஒலித்தடத்தில் பதித்தார். கோடுகள் நெருங்கினால் சுருதி ஏறும். அட்டையில் பாதியை மூடினால் சத்தம் குறையும். வடிவாக வெட்டிய கருப்பு மறைப்பட்டையை முன்னால் வைத்தால், வெட்டுக்குத் தகுந்தபடி ஒலி சட்டென்று அறையும், அல்லது மெல்ல எழுந்து தேயும். ஆக, ஒலிக்கு உருவம் தந்ததே மறைப்புதான். மனிதன், ஒலி இரண்டுமே துண்டு துண்டாகச் செய்யப்பட்டவை என்பதால், வன்முறையும் இங்கே ‘மனித இயல்பு’ ஆகாமல் செய்யப்பட்ட ஒன்றாகத் தெரிகிறது. உள்ளடக்கவாதிகள் தேடும் அரசியல் இந்த இடத்தில்தான் கிடக்கிறது.

இன்னொரு மறைப்பும் நடந்தது. வெறி முற்றி ஒருவன் வீட்டை மற்றவன் இடித்து, மனைவியையும் கைக்குழந்தையையும் கொல்லும் காட்சியை அமெரிக்க, ஐரோப்பிய விநியோகஸ்தர்கள் கேட்டதால் வெட்டினார்கள். படம் ஆஸ்காரும் வாங்கியது. வியட்நாம் போர்க் காலத்தில் காட்சியைத் திரும்பச் சேர்க்கச் சொன்னபோது மூல நெகட்டிவ் அழிந்திருந்தது. பிரதி ஒன்றிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டியதாயிற்று.

அந்தக் காட்சி இல்லாவிட்டால் இது ரெண்டு முட்டாள்கள் சாகிற நீதிக்கதை. ‘அண்டை வீட்டானை நேசி’ என்று பல மொழிகளில் எழுதிக் காட்டும் முடிவும் யாரையும் உறுத்தாது. காட்சி இருந்தால், பூவைக் கேட்காதவர்களும் அதற்காகச் செத்தார்கள் என்பது தெரிந்துவிடும். மக்லாரனிடமும் எனக்குக் கேள்வி உண்டு: பெண்கள் இந்தப் படத்துக்குள் வருவதே சாவதற்குத்தானா?

இன்று கணினியில் ஒலியும் மறைப்பும் நிமிட வேலை. குறும்படம் செய்கிற நண்பர்கள் அந்த ஒட்டுப்போட்ட காட்சியை ஒருமுறை நிறுத்திப் பார்க்கட்டும். தாம் போடும் மறைப்பு இதில் எந்த வகை என்று அப்புறம் சொல்லட்டும்.