1881: ஒரே சட்டம், இரண்டு முகம்

செஞ்சியில் நண்பர்களோடு வியட்நாமியச் சட்டம் பற்றிப் பேச்செடுத்தால் ஹோ சி மின், கட்சி என்று அதோடு முடிஞ்சிடும். எனக்கென்னவோ 1881தான் முந்தி நிற்கிறது. 1750இல் இந்தக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரன் 1761இல் அதை இழந்துவிட்டான். அவன் சட்டம் புதுச்சேரியில் தங்கிக் கடலும் தாண்டிவிட்டது.

அந்த ஆண்டு இரண்டு ஆணைகள். ஒன்று புதுச்சேரித் தமிழருக்கு: சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறப்பதாக எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சு சிவில் சட்டம், புதுக் குடும்பப் பெயர். துறந்தவர்களில் தலித்துகளும் கிறித்தவர்களும் நிறைய. மற்றது தென் வியட்நாமில், அன்றைய கொச்சின்சீனாவில்: கோர்ட்டுக்கே போகாமல் சுதேசிக்கு அபராதமோ சிறையோ விதிக்கலாம் நிர்வாக அதிகாரி.

துறந்தவர் பலர் சைகோன் போனார்கள். குமாஸ்தா, போலீஸ், வரிவசூல். ஓட்டும் போட்டார்கள். மண்ணுக்குரிய வியட்நாமியரில் பெரும்பாலோருக்கு அந்த ஓட்டு கிடையாது.

நம்மவர்கள் துறப்பை விடுதலைப் பிரதியாக மட்டுமே வாசிக்கிறார்கள். சேரிக்காரர் தன் பேரைத் தானே வைத்துக்கொண்டது சின்ன விஷயமா? இல்லை, அதில் ஒரு எழுத்தைக்கூடக் குறைக்க மாட்டேன். ஆனால் அதே காகிதம்தான் அவரைச் சைகோனில் இன்னொரு ஒடுக்கப்பட்டவன்மேல் அதிகாரியாக உட்கார வைத்தது. இந்த இரண்டாம் பக்கத்தை வியட்நாமியர் எப்படி வாசித்தார்கள் என்று நாம் இன்னும் கேட்கவே இல்லை.