லயனல் வென்ட்டின் ஒளிப்படக்கலையும் பருவகால வழிபாடுகளும் – சில குறிப்புகள்

ஒளிப்படத்தைக் கலை இலக்கியத் திறனாய்வின் எல்லைக்குள் கொண்டுவருதல் தகுமா என்ற ஐயம் நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கியதென்று கூறுவதற்கில்லை. ஓவியத்துக்கும் கூத்துக்கும் அளிக்கும் இடத்தைத் தமிழ்த் திறனாய்வு ஒளிப்படத்துக்கு அளித்ததில்லை. ஆயினும் இலங்கையின் இயற்கையைப் பற்றியும் இந்நாட்டு மக்களின் சமய வாழ்வைப் பற்றியும் வெளியுலகத்தார் மனத்திற் பதிந்துள்ள காட்சிகளுட் பலவற்றை உருவாக்கியவர்கள் எழுத்தாளரல்லர், ஒளிப்படக் கலைஞர்களே. எனவே அக்காட்சிகள் எவற்றைக் காட்டுகின்றன, எவற்றைக் காட்டாது விடுகின்றன என்று வினவுவது திறனாய்வாளனின் கடமையாகின்றது.

இவ்வகையில் முதலில் நோக்கத்தக்கவர் லயனல் வென்ட் (1900–1944). உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் மகனாகக் கொழும்பிற் பிறந்து, இங்கிலாந்திற் சட்டமும் பியானோ இசையும் பயின்று, நாடு திரும்பியபின் சட்டத் தொழிலைக் கைவிட்டுக் கலைக்கே தம்மை ஒப்புவித்தவர். 1943இல் தோன்றிய ‘43 குழு’ என்னும் ஓவியர் குழுவுக்கு உந்துவிசையாக இருந்தவரும் அவரே. கவிஞர் பாப்லோ நெரூடா சிலி நாட்டின் கொன்சலாகக் கொழும்பில் இருந்த காலத்தில் அவருடன் நட்புப் பூண்டிருந்தார். பிற்காலத்தில் பொதுவுடைமை இயக்கத்தில் இணைந்த நெரூடாவும், எந்த இயக்கத்திலும் சேராத வென்ட்டும் ஒரே அறையிற் பழகினர் என்பது, கலைஞனின் வர்க்கப் பிறப்பைக் கொண்டே அவனது படைப்பை அளந்துவிடலாம் என்று கருதும் நம் நண்பர்கள் சிலர் மனங்கொள்ளத்தக்க செய்தியாகும்.

அவரது மறைவின் பின் 1950இல் இலண்டனில் வெளிவந்த ‘லயனல் வென்ட்டின் இலங்கை’ என்னும் தொகுப்பினைப் புரட்டும் எவரும் இரு பண்புகளை உணர்வர். ஒன்று, ஒளியையும் நிழலையும் அவர் ஆண்ட விதம். இருட்டறையில் ஒளியைப் புரட்டி உருவின் விளிம்புகளை மாற்றும் புதுமுறைகளையும் அவர் கையாண்டார். மற்றையது, உழைக்கும் உடலின்மீது அவர் கொண்ட மதிப்பு. காலனித்துவ காலத்து அஞ்சலட்டைகளில் ‘சுதேசி’ என்ற மாதிரியாக நிறுத்தப்பட்ட மனிதன், வென்ட்டின் படங்களிலே தனக்கெனக் கம்பீரமுடைய ஆளாகிறான். இது சிறிய சாதனையன்று. அவரை வெறும் அழகியல்வாதி என ஒதுக்குவது எளிது; அது தவறுமாகும்.

குறைபாடு வேறோரிடத்தில் உள்ளது. அதனைத் தெளிவாகக் காண்பதற்கு, 1934இல் பேசில் றைட் நெறிப்படுத்திய ‘இலங்கையின் பாடல்’ என்னும் விவரணப் படத்தை நோக்குதல் பொருத்தமாகும். றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்த பகுதிகளை அப்படத்தில் வாசிப்பது வென்ட்டின் குரலே. படத்துக்குப் பணம் தந்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. படத்தின் முதற் பகுதி சிவனொளிபாதமலை யாத்திரையைக் காட்டுகின்றது. பௌத்தர் புத்தரின் பாதமென்றும், சைவர் சிவனின் பாதமென்றும், முஸ்லிம்கள் ஆதம் நபியின் பாதமென்றும் (நம்மூர்ப் பெரியவர்கள் அதனைப் ‘பாவாத மலை’ என்பர்) போற்றும் மலை அது. யாத்திரைக் காலம் மார்கழியையொட்டித் தொடங்கி வைகாசி வரை நீள்கிறது. ஏன் அக்காலம்? தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சாரலை நனைக்காத மாதங்கள் அவையே. பக்தியின் நாட்காட்டிக்கு அடியிலே மழையின் நாட்காட்டி உள்ளது. ஆனால் மலையைச் சுற்றி மஸ்கெலியாப் பக்கமெங்கும் பரந்துள்ள தேயிலைத் தோட்டங்களில், தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் அதே மாதங்களிற் கொழுந்து கொய்துகொண்டிருந்தனர். படத்தின் மூன்றாம் பகுதியில் சந்தை விலைகளைக் கூறும் குரல்கள் காட்சிகளின்மேல் ஒலிக்கின்றன. வணிகத்தின் ஓசையையும் வாழ்வின் காட்சியையும் மோதவிட்ட இவ்வுத்தி, பிரசாரச் சபையின் பணத்தாலேயே பிரசாரச் சபையைக் கேள்விக்குட்படுத்துமளவுக்குக் கூர்மையானது. எனினும் லயத்து வாழ்வு படத்தின் பொருளாகவில்லை; நான்காம் பகுதி மீண்டும் புத்தர் சிலைக்கும் கண்டிய நடனத்துக்கும் திரும்பிவிடுகின்றது. முரண்பாடு எழுப்பப்பட்டது, பின்னர் வழிபாட்டினாற் போர்த்தப்பட்டது.

இயற்கையைத் தனித்து நிறுத்திக் காணும் இதே நோக்கு, பின்வந்த இயற்கை ஒளிப்படக் கலையிலும் தொடர்ந்தது. ‘ஸ்ரூடியோ ரைம்ஸ்’ நிறுவனத்தைத் தோற்றுவித்த நிஹால் பெர்னாண்டோவின் 1986ஆம் ஆண்டு வனவிலங்குத் தொகுப்பு இத்துறையிற் குறிப்பிடத்தக்கது. அவரது உழைப்பையும் காட்டின்மீது அவர் கொண்ட பற்றையும் ஐயுறுவதற்கில்லை. ஆயினும் ‘காடு’ என்று நாம் காண்பது எப்போதும் காடுதானா? நமது மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சேனநாயக்க சமுத்திரத்தில் யானைகள் தீவுக்குத் தீவு நீந்திச் செல்லும் காட்சியைப் படம்பிடிக்கப் பலரும் வருகின்றனர். ஆதி இயற்கையின் காட்சியாகவே அது பார்க்கப்படுகின்றது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்கீழ் அமெரிக்க நிறுவனமொன்று அணை கட்டியதன் பின்னரே அந்த நீர்ப்பரப்பும் அத்தீவுகளும் உண்டாயின. அதன் நீரேந்து பரப்பைக் காக்கவே 1954இல் தேசிய வனம் அமைந்தது. அதே திட்டத்தின் குடியேற்றங்களிலேதான் 1956 யூன் மாதத்தில் தமிழர் கொல்லப்பட்டனர். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. நீந்தும் யானையின் படத்துக்குள் இவ்வளவும் உண்டு. படம் மட்டும் அதைச் சொல்வதில்லை.

இனி, சம்மாந்துறையையும் அதன் அயலையும் நோக்கலாம். சம்பான்கள் வந்து தங்கிய துறை என்று ஊர்ப்பெயருக்கு விளக்கம் கூறுவர். கடலிலிருந்து விலகி வயலின் நடுவே கிடக்கும் இவ்வூருக்கு வணிகத் துறையின் நினைவும் வேளாண்மையின் நிகழ்வும் ஒருங்கே உண்டு. வடகீழ்ப் பருவமழையை நம்பிப் பெரும்போகம் விதைத்து, மாசி பங்குனியில் வெட்டிச் சூடு வைத்து, களவெட்டியிற் பொலி தூற்றிய காலத்தில் போடியாருக்கும் முல்லைக்காரனுக்கும் கூலியாளுக்கும் இடையிலான பங்கீடு அக்களத்திலேயே நடந்தது. அறுவடை முடிந்து வெயில் முதிரும் வைகாசியில், அயற்கிராமமாகிய காரைதீவில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி நிகழும். நெல் வீட்டுக்கு வந்த, கை ஓய்ந்த, அம்மை முதலிய வெப்ப நோய்கள் அஞ்சப்பட்ட காலம் அது. குளிர்த்தி என்ற சொல்லே பருவத்தைச் சொல்லிவிடுகின்றது. கல்லோயா நீர் வந்தபின் சிறுபோகமும் உறுதிப்பட்டது. வைகாசி இப்போது ஓய்வுக் காலமன்று. ஆனால் சடங்கு தன் மாதத்தை விட்டு அசையவில்லை. உற்பத்தி முறை மாறியபின்னும் அதன் பழைய கால அட்டவணை சடங்கிற் பேணப்படுவதற்கு இதனிலும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஆனால் ஒவ்வொரு விழாவும் வேளாண்மையின் எதிரொலி என்ற வாய்பாட்டைக் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றம் ஏற்றுக்கொள்வதில்லை. நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஜமாதுல் ஆகிர் மாதத்தில் நிகழும் விழா அது. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டினும் ஏறத்தாழ 11 நாள் குறுகியது. ஆதலின் கொடியேற்றம் மழையிலும் வரும், வெயிலிலும் வரும், விதைப்பிலும் வரும், அறுவடையிலும் வரும். ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். அது வயலின் காலத்துக்குரியதன்று; கடல்வழி வணிகம் இணைத்த இரு கரைகளின் காலத்துக்குரியது. நாகூரில் ஏறும் கொடியின் நாளை நோக்கிக் கல்முனையில் கொடி ஏறுகின்றது. கடலோடிகளின் காவலராக மதிக்கப்பட்ட ஓர் இறைநேசரை மீனவரும் வணிகரும் ஒருங்கே போற்றியதில் வியப்பில்லை. விழாவைச் சூழ்ந்து கடைத்தெரு எழும். கந்தூரிச் சோற்றுக்கு வயலின் நெல் வரும். உழவும் கடலும் சந்திக்கும் இடம் அந்தக் கந்தூரிச் சட்டியே எனலாம்.

இத்தகைய விழாவை ஒளிப்படம் எவ்வாறு கொள்ளும்? பறக்கும் கொடியையும் கடலையும் வானத்தையும் சேர்த்தால் அழகிய படம் ஒன்று கிடைத்துவிடும். கொழும்பின் காட்சிக்கூடங்கள் விரும்புவதும் அதனையே. சோறு சமைப்பவர் யார், அரிசி தந்தவர் யார், வரிசையின் இறுதியில் ஏனத்துடன் நிற்பவர் யார் என்பவை படச்சட்டத்துக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன. மறுபுறம், தூய்மைவாதப் போக்குகள் வலுப்பெற்ற அண்மைத் தசாப்தங்களில் இவ்விழாவையே மார்க்கத்துக்குப் புறம்பானதென விலக்குவோரும் உளர். அழகியல்வாதி விழாவிலிருந்து உழைப்பை நீக்குகிறார். தூய்மைவாதி ஊரிலிருந்து விழாவையே நீக்க முனைகிறார். இரண்டிலும் இழப்புக்கு உள்ளாவது இப்பிரதேச எளிய மக்களின் வரலாறே.

வென்ட் இறந்தபின் அவரது மூலச்சுருள்கள் அழிக்கப்பட்டன; அச்சிட்ட படங்கள் எஞ்சியதாலேயே 2000ஆம் ஆண்டின் நூற்றாண்டு மலர்வரை அவரது கலை வந்து சேர்ந்தது. செல்வமும் நண்பர் குழாமும் கொழும்பு வாழ்வும் வாய்த்த கலைஞனுக்கே இக்கதி. நம் கரையில் 2004 திசெம்பர் 26 கடற்கோள் வீடுகளோடு வீட்டு அல்பங்களையும் கொண்டுபோயிற்று. எனினும் மேட்டுப் பக்க ஊர்களில், சம்மாந்துறை உட்பட, பழைய படங்கள் பெட்டிகளிலும் அலுமாரிகளிலும் இன்னும் கிடக்கக்கூடும்: களவெட்டியில் எருமைகளுடன் நிற்கும் முல்லைக்காரன், கந்தூரிக் கிடாரத்தின் அருகே வியர்த்து நிற்கும் சமையற்காரர், கல்யாண வீட்டுப் பந்தற்காலில் சாய்ந்த கூலியாள். எடுத்தவர் பெயரும் எடுத்த ஆண்டும் தெரிந்த முதியோர் இருக்கும்போதே அவற்றைத் திரட்டி, படத்தின் பின்புறத்தில் அவ்விரண்டையும் எழுதி வைக்கும் வேலையைப் பல்கலைக்கழக மாணவர் உடனே தொடங்கலாம். பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கின்றது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஏனைய மாணவருக்கு ஒலுவிலிலிருந்து சம்மாந்துறை தொலைவுமன்று.