தனியா தெரியக் கூடாதாம்

பெங்களூரில் வேலை பார்க்கிற பையன்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி ஜோலார்பேட்டை ஜங்ஷனில் வந்து இறங்கும்போது, முன்பெல்லாம் முதுகுப் பையில் அழுக்குத் துணி மட்டும்தான் இருக்கும். இப்போது கூடவே அபிப்பிராயங்களும் வருகின்றன. என் அக்கா மகன் போன மாதம் பெல்ஜியப் பாணிக் கோதுமை பீர் ஒன்றைப் பற்றிச் சொன்னான்: "நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா தனியா தெரியுது. தெரிஞ்சாலே மார்க் போச்சு."

இது அவன் சொந்தச் சரக்கு இல்லை. மசாலா இன்னதென்று நாக்கு கண்டுபிடித்துவிட்டால் அளவு மீறிப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். பீர் காய்ச்சுகிறவர்களும் நடுவர்களும் இதைப் பழமொழி மாதிரிச் சொல்லித் திரிகிறார்கள். இந்தப் பழமொழியோடு எனக்குப் பல வருஷப் பகை.

மார்க் போடுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 1985-இல் தொடங்கிய பி.ஜே.சி.பி. என்கிற நடுவர் அமைப்பின் தாளில் மொத்தம் 50 மார்க். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படுகிற விதத்துக்கு 5, மொத்தத்தில் எப்படி என்பதற்கு 10. லேபிளைப் பார்த்தே மயங்குகிறவனுக்கு அந்த 3 நல்ல பாடம். பெயரை மறைத்துக் குடிக்கச் சொல்வது நேர்மையான ஏற்பாடு. வெண்ணெய் வாடை, வேகவைத்த சோள வாடை போன்ற கோளாறுகள் இந்தத் தாளிடம் தப்ப முடியாது. இந்திராநகரில் 2010-இல் டாய்ட் என்கிற பீர்க்கூடம் திறந்ததிலிருந்து இன்றுவரை பெங்களூர் பீர் தேறியிருக்கிறதென்றால், இப்படிக் கறாராகக் குடித்துப் பார்த்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அதோடு சரி.

அவன் சொன்ன கோதுமை பீரின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பெல்ஜியத்தில் ஹூகார்டன் என்ற ஊரில் இதைக் காய்ச்சிய கடைசி ஆலை 1950-களில் மூடப்பட்டது. அந்த ஆலைக்குப் பக்கத்தில் வளர்ந்த பியர் செலிஸ் என்கிற பால்காரர், சின்ன வயதில் அங்கே கூடமாட வேலை செய்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு 1966-இல் மறுபடி காய்ச்சினார். முளைகட்டாத கோதுமை, பார்லி மால்ட், தனியா, காய்ந்த ஆரஞ்சுத் தோல். இன்று உலகம் முழுக்க நடுவர்கள் கையில் வைத்திருக்கும் இலக்கணம் பெருமளவு அந்த ஒரு மனிதரின் ஞாபகத்திலிருந்து வந்ததுதான். அந்தத் தோலுக்குப் பெயரே கரீபியத் தீவான குராசோவின் பெயர். தனியாவும் ஆரஞ்சும் வேறு மண்ணிலிருந்து போனவை. அவர்களுக்கு அது தூரத்துச் சரக்கு. ஆகவே கோடி காட்டினால் போதும், அதற்கு மேல் போனால் மிரட்சி.

நம் கதை அப்படியா? எங்கள் பக்கம் தனியா, தெற்கே போனால் மல்லி. பெயர் மாறும், மூக்கு மாறாது. ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்துக் கட்டை விரலால் நசுக்கிப் பாருங்கள். முதலில் ஆரஞ்சுத் தோலை உரித்தது போல ஒரு வீச்சு வரும். அதையே வெறும் வாணலியில் ஒரு நிமிஷம் புரட்டினால் ஆரஞ்சு ஓடிவிடும், ரசப்பொடி வந்து உட்காரும். இன்னும் விட்டால் கருகி நெடி ஏறும். போன வருஷத்துத் தனியா என்றால் சாக்கு வாடை. இந்த நான்கையும் பிரித்துச் சொல்லத் தெரியாத சமையல்கட்டு திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்காது. இருபது லிட்டர் பீருக்கு 15, 20 கிராம் தனியா போடுகிறார்கள். அதை நம் நாக்கு கண்டுபிடிக்கக் கூடாது என்றால், நடுவர் கேட்பது நல்ல பீரை இல்லை. ஜலதோஷம் பிடித்த ஆளை.

சில ஊர்த் தனியா பீரில் ஹாம் வாடையோ செலரி வாடையோ தரலாம் என்று பி.ஜே.சி.பி.யின் வழிகாட்டியில் எச்சரிக்கை உண்டு. நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் ஹாமைக் கண்ணால்கூடப் பார்க்காத பையன் ஹாம் வாடை என்று தாளில் எழுதுகிறானே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெங்களூரில் ஒரு சுவை வகுப்பில் நானும் உட்கார்ந்தேன். தம்ளரில் மங்கலான வைக்கோல் நிறம், மேலே வெள்ளை நுரை. மோந்து பார்த்துவிட்டு, 'வறுக்காத தனியா, புதுசு' என்று எழுதிக் கொடுத்தேன். நடத்தியவர் சிரித்துக்கொண்டே அதை அடித்து 'சிட்ரஸ், ஃப்ளோரல்' என்று திருத்தினார். தனியா எண்ணெயில் பாதிக்கு மேல் லினலூல் என்கிற பொருள். லாவண்டர் பூவிலும் அதுதான் மணக்கிறது. லாவண்டரைத் தெரிந்தவன் பூ என்கிறான், ரசத்தைத் தெரிந்தவன் தனியா என்கிறான். சொல்லப்போனால் என் சொல்தான் துல்லியம். பீரில் பூ போடவில்லை, தனியாதான் போட்டிருந்தார்கள்.

ஆம்பூர் டேனரியில் தோல் தரம் பிரிக்கிறவர் இப்படி ஏமாற மாட்டார். வாங்குகிறவன் இத்தாலிக்காரனாக இருக்கலாம், தரத்துக்கு அவன் வைத்த எண்ணும் இருக்கலாம். இவர் முதலில் தோலை விரித்து, நகத்தால் கீறி, மடித்துப் பார்த்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், உரிக்கும்போது விழுந்த கத்திவெட்டு என்று தன் பாஷையில் குறையைச் சொல்லிவிடுவார். எண் அதற்குப் பிறகு. நம் பீர் நடுவர்கள் எண்ணிலிருந்து தொடங்குகிறார்கள். கசப்பு அலகு 8 முதல் 20 வரை, சாராயம் 4.5 முதல் 5.5 சதவீதம் வரை என்று கோடு கிழித்தது போதாதென்று, மூக்குக்கும் கோடு கிழிக்கிறார்கள். விளைவு என்ன? மார்க்குக்குப் பயந்து தனியாவைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இனிப்புக் கோதுமைக் கஞ்சித் தண்ணீர். மணம் போன இடத்தை நிரப்ப விளிம்பில் ஒரு ஆரஞ்சுத் துண்டு. அந்தத் துண்டு அமெரிக்காவில் 1995-இல் வந்த ப்ளூ மூன் பீர் பரப்பிய பழக்கம், பெல்ஜியப் பாரம்பரியம் இல்லை. இலக்கணம் பேசுகிறவர்கள் அதை மட்டும் கண்டுகொள்ளாமல் பிழிந்து குடிக்கிறார்கள்.

2015-இல் பீரா 91 நிறுவனம் இதே வகையான தன் வெள்ளை பீரை முதலில் பெல்ஜியத்தில் காய்ச்சிக் கொண்டுவந்து இங்கே விற்றது. அதைப் பிடித்துக்கொண்டவர்கள் எந்தத் தாளையும் பார்த்துப் பிடித்துக்கொள்ளவில்லை. கசப்பில்லை, வெயிலுக்கு இதம், எங்கேயோ தெரிந்த வாசனை. அந்த 'தெரிந்த' என்பதைத்தான் இப்போது குற்றம் என்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனைக் கண்ணை மூடச் சொல்லி மூன்று கிண்ணங்களை நீட்டினேன். பச்சைத் தனியா, வறுத்தது, பழசு. மூச்சு விடாமல் மூன்றையும் சரியாகச் சொன்னான். பழசுக்கு மட்டும் மூக்கைச் சுளித்து, "இது நம்ம வீட்டு டப்பாவா மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றான். பிறகு பெங்களூரிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். மோந்தான், பேனாவை எடுத்தான், தாளில் எழுதினான்: சிட்ரஸ்.